மெயின்டனன்ஸ் வந்த நாள்

1

...கதவைத் திறந்தேனா வள்ளி, வாசலில் நின்றவன் என்ன சொன்னான் என்று நினைக்கிறாய்? "மெயின்டனன்ஸ்!" என்றான்.

ஆறடி ஆள். இடுப்பில் சாவிக்கொத்து, சட்டை மார்பில் பெயர், கையில் இரும்புப் பெட்டி. நம் பக்கம் கோர்ட்டு ஆள் தோளில் பட்டை போட்டுக்கொண்டு வருவானே, இந்த அமெரிக்காவில் இப்படி வருவான் போலிருக்கிறது என்று நினைத்தேன். வீட்டில் நான் ஒருத்திதான். மகன் பிரபுவும் மருமகள் சுதாவும் ஆபீசுக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. சாதாரணமாக நான் யாருக்கும் கதவைத் திறக்கிறவள் இல்லை. கதவில் இருக்கிற சின்ன ஓட்டை வழியாகப் பார்ப்பேன், பார்த்துவிட்டு மூச்சுக் காட்டாமல் நிற்பேன். ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. எழுத்தே தெரியாது. ஆனால் மெயின்டனன்ஸ் என்றால் தெரியும். கட்டினவளையும் பெற்ற பெண்ணையும் விட்டுவிட்டுப் போனவன் மாதாமாதம் தரவேண்டிய ஜீவனாம்சம். எத்தனை வருஷமாக நம் வீட்டில் அந்த ஒரு வார்த்தையைப் பேசிக்கொண்டிருக்கிறோம்!

"கனகா மெயின்டனன்ஸா?" என்று கேட்டேன்.

"யெஸ், யெஸ், மெயின்டனன்ஸ்" என்றான்.

"தனசேகர்?"

அதற்கும் தலையை ஆட்டி ஒரு சிரிப்பு சிரித்தான். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? உள்ளே கூப்பிட்டு சோபாவில் உட்காரவைத்தேன். காபி போட்டேன், டப்பாவிலிருந்து தட்டை எடுத்துவைத்தேன். மாட்டேன் என்று சொல்லவில்லை, நறுக் நறுக்கென்று தின்றான். அவன் தின்கிற நேரத்தில் ஊரில் இருக்கிற மகள் கனகாவுக்குப் போன் போட்டேன். அங்கே ராத்திரிச் சாப்பாட்டு வேளை.

"எம்மா கனகா, மெயின்டனன்ஸ் வந்துட்சிமா!"

"நெசமாவா? யாரு குடுத்தது?"

"ஆளே வந்துகினு கீறான். காபி குட்ச்சிகினு கீறான். நீ போன வெச்சிடாத."

கனகா, "யாமினி, ஏ யாமினி, இங்க வாடி" என்று கத்தினது எனக்குக் கேட்டது. பக்கத்து வீட்டிலிருந்து நீ மதில் பக்கம் ஓடிவந்து "இன்னாக்கா, இன்னாக்கா" என்றதும் கேட்டது.

அந்த ஆள் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். பெட்டியோடு நேரே சமையலறைக்குப் போனான். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பணத்தைக் கொடுக்க வந்தவன் சமையலறைக்கு எதற்குப் போகிறான்? பின்னாலேயே போய் நின்றேன். பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குக் கீழே படுத்து உள்ளே புகுந்துவிட்டான். டொக் டொக்கென்று என்னவோ தட்டினான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து குழாயைத் திறந்தான், மூடினான். ஒரு வாரமாகச் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றுவிட்டது. ஒரு காகிதத்தை நீட்டிப் பேனாவைக் கொடுத்தான். எனக்குக் கையெழுத்துப் போட வராது, கைநாட்டுத்தான், மை இருந்தால் கொடு என்று பெருவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவனும் சந்தோஷமாகத் தன் பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டான்.

சாயங்காலம் சுதா வந்து சொன்னாள், இந்த ஊர் அடுக்குமாடியில் குழாய் ரிப்பேருக்கும் பல்பு மாற்றுவதற்கும் வருகிற ஆளுக்குத்தான் மெயின்டனன்ஸ் என்று பெயராம். விடிந்ததும் கனகாவுக்கு மறுபடி போன் போட்டுச் சொன்னேன்.

"பரவால்லமா" என்றாள். "கொழாயாவது நின்னுச்சே."

2

நான் பேசுகிறேன், மருமகள் சுதா எழுதுகிறாள். நம் பக்கத்து ஆட்கள் படிக்கிற புத்தகத்துக்கு அனுப்பப்போகிறாளாம். நான் பேசுகிறபடியே எழுதினால் அச்சில் போடமாட்டார்களாம். அதனால் நான் "வந்துட்சி" என்றால் அவள் "வந்தது" என்று எழுதுகிறாள். மற்றவர்கள் பேசினதை மட்டும் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். தொடுகிறாளோ என்னவோ, நான் என்னத்தைக் கண்டேன்? அவ்வப்போது திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

வள்ளி, உனக்குத் தெரிந்த கதைதான். படிக்கிற மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

புத்தலப்பட்டு எங்கள் ஊர். சித்தூரிலிருந்து திருப்பதி போகிற ரோட்டுமேல். இந்தப் பக்கம் பஸ் ஏறினால் கோர்ட்டு, அந்தப் பக்கம் பஸ் ஏறினால் மலை. நிலம் கிடையாது. நான் மாங்கூழ் பேக்டரியில் பழம் அறுத்து இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தேன். மூத்தவள் கனகா, இளையவன் பிரபு. அந்தக் காலத்தில்தான் திருப்பதியில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் போர்டு மாட்டினார்கள். ஆட்டை விற்று, கம்மலை விற்றுப் பிள்ளைகளை அனுப்பினார்கள். சித்தூர்ப் பையன் தனசேகர் அப்படிப் படித்து அமெரிக்கா போகத் தயாராக இருந்தவன். நம்மைத் தேடி வந்து பெண் கேட்டார்கள். எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். அவ்வளவு படித்தவன் மாங்கூழ்க்காரி வீட்டில் எதற்குப் பெண் எடுக்கிறான்? கனகாவின் நிறத்தைப் பார்த்து மயங்கிவிட்டான் என்றார்கள். சரி என்று கொடுத்தேன்.

போனான். முதல் வருஷம் வந்தான், அடுத்த வருஷமும் வந்தான், யாமினி பிறந்தாள். பிரபுவைக்கூட அவன்தான் இங்கே கூட்டிவந்து வேலையில் சேர்த்தான், அதை மறைக்கமாட்டேன். அப்புறம் கனகாவுக்கு வருகிற போன் குறைந்தது. நின்றது. நம்பர் மாறியது. சித்தூரில் சம்பந்தியம்மா வீட்டுக்கு ஓடினேன். முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொண்டு அந்தம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"எனக்கே போன் வர்றதில்ல சம்பந்தி. எங்க கீறானோ, துன்னானோ இல்லியோ!"

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். முந்தானை காய்ந்து கிடந்தது.

கேஸ் போட்டோம். சித்தூர்க் கோர்ட்டில் எல்லாம் தெலுங்கு. முதல் நாள் வக்கீலம்மா, "மனோவர்த்தி வஸ்துந்தம்மா, பயப்படொத்து" என்றாள். எனக்கு மெழுகுவர்த்தி தெரியும், ஊதுவர்த்தி தெரியும், இது என்ன வர்த்தி? கோர்ட்டில் ஏதோ ஏற்றிவைத்துச் சத்தியம் வாங்குவார்களாக்கும் என்று நினைத்து, வெளியே கடையில் ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு போய்விட்டேன். மனோவர்த்தி என்றால் ஜீவனாம்சம்தான் என்று கனகா அப்புறம் சொன்னாள். அந்த மெழுகுவர்த்தி கரண்டு போனபோது உதவியது.

இன்னொரு கூத்து கேள். கூண்டில் ஏற்றி கனகாவிடம், "மீ பர்த்த பேரு செப்பம்மா" என்கிறார்கள். புருஷன் பேரைச் சொல்லச் சொன்னால் இவள் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள். மறுபடி கேட்டால் "யாமினி அப்பா" என்கிறாள். விட்டுவிட்டு ஓடினவன் பேரைக்கூடச் சொல்லமாட்டாளாம். தாலி கட்டினவன் பேரை வாயால் சொல்லக்கூடாது என்று சம்பந்தியம்மா முதல் வாரத்திலேயே சொல்லிவைத்தது. எழுதிக் காட்டினாள்.

நோட்டீஸ் அனுப்பினார்கள். அந்த விலாசத்தில் இல்லை என்று திரும்பிவந்தது. சம்பந்தி வீட்டுக்கு அனுப்பினால், மகன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாது என்று அந்தம்மா எழுதிக்கொடுத்தது. வக்கீலம்மா உடைத்துச் சொல்லிவிட்டாள். அவன் இந்த மண்ணில் கால் வைக்கிறபோது நோட்டீசை அவன் கையில் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கேஸ் இப்படியே கிழடாகிவிடும் என்று. யாமினி வளர்ந்துகொண்டிருந்தாள். கனகா தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். பிரபு தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்னை இங்கே கூப்பிட்டான். தனசேகரும் இங்கேதானே இருக்கிறான், எங்காவது கண்ணில் படமாட்டானா என்று நானும் விமானம் ஏறினேன்.

3

வந்து பார்த்தால் இந்த ஊர் நம் சித்தூர் ஜில்லா மாதிரி நூறு ஜில்லா இருக்கும் போலிருக்கிறது. டல்லாஸ் என்கிறார்கள். எங்கே போய்த் தேடுவது? கோயிலுக்குப் போனால் சாமியைப் பார்க்காமல் வந்திருக்கிற ஆம்பிளைகளின் முகத்தைத்தான் பார்ப்பேன். மளிகைக்கடையில் புளி எடுக்கும்போதும் அதே வேலை. ஒருவர், "இன்னாமா அப்பிடி பாக்கிறீங்க?" என்று கேட்டேவிட்டார்.

பேரப்பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். ஆனால் நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். "துன்னுடா கண்ணு" என்றால் சின்னவன் காதில் "டர்ன்" என்று விழுமாம், எதைத் திருப்புவது என்று பார்ப்பான். போனில் யாமினி முகத்தைக் காட்டினால், "ஹாய் கேஸ் அக்கா" என்கிறார்கள். எப்போது பார்த்தாலும் நான் கேஸ் கேஸ் என்று பேசுவதைக் கேட்டு அதுதான் அவள் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். யாமினியும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டும். எனக்குத்தான் சிரிப்பு வராது.

போன வருஷம் மழைக்காலம் முடிகிற சமயம். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சுதா வேலூர்ப் பெண், அநாவசியமாகப் பேசமாட்டாள். கதவைச் சாத்திவிட்டு வந்து போனை என் முன்னால் வைத்தாள்.

"அத்த, இவர்தானே?"

அவனேதான். மீசையை எடுத்துவிட்டான், தொப்பை வைத்துவிட்டான். பக்கத்தில் ஒருத்தி. இடுப்பில் ஒரு குழந்தை.

"இது எங்கேர்ந்துடி வந்துச்சு?"

"உங்க புள்ள போன்லேர்ந்து. திருப்பதி கம்ப்யூட்டர் சென்டர்ல படிச்சவங்க குரூப்பு ஒண்ணு இருக்குது. அதுல உங்க புள்ளயும் இவரும் ரெண்டு பேருமே இருக்காங்க."

எனக்கு உடம்பு எரிந்தது. என் பிள்ளை! ஒரே வீட்டில் என்னோடு உட்கார்ந்து, நான் ஊர் ஊராக முகம் தேடுவதைப் பார்த்துக்கொண்டு! பிரபு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"நைனா, உங்க மாமா எங்க கீறான்?"

"எனக்கு எப்பிடிமா தெரியும்?"

"போட்டோ வருது, ஊரு தெரியாதா?"

"குரூப்ல நூறு பேரு கீறாங்கமா. போட்டோ போடுவாங்க. வூட்டு நம்பரா போடுவாங்க? என்ன இதுல இழுக்காத. என்ன இங்க இட்டாந்ததே அவருதான்."

"ஒங்கக்காவ தெருவுல வுட்டதும் அவருதான்டா."

சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டான். தெரியாது என்கிறவன் முகம் அப்படி இருக்காது. அதை அப்போதே மனசில் முடிந்துவைத்தேன்.

ஆனால் அந்தப் படத்தை நான் விடவில்லை. சுதாவை விரலால் பெரிசாக்கச் சொல்லிப் பார்த்தேன். இடுப்பில் இருக்கிற குழந்தை பொம்பிளைப் பிள்ளை என்றுதான் முதலில் நினைத்தேன், தோள்வரைக்கும் முடி, குட்டியாக ஒரு ஜடை. கீழே பார்த்தால் ஆம்பிளைப் பிள்ளைச் சட்டை, கால்சட்டை.

"சுதா, இது பையனா?"

"பையன்தான் அத்த. குரூப்ல மூணாவது பொறந்த நாள் வருதுன்னு போட்டிருந்தாங்க."

நான் வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஒரு சுற்று சுற்றினேன். நம் பக்கத்து வீடுகளில் பிறந்த முடியை வேறே எங்கே இறக்குவார்கள்? அமெரிக்காவில் இல்லை, சந்திரனில் இருந்தாலும் மலைக்குக் கொண்டுவந்துதான் ஆகவேண்டும். அதுவும் ஒற்றைப்படை வயசில். ஒரு வயசில் போடவில்லை, ஜடை சொல்கிறது. மூன்றில் போடாவிட்டால் ஐந்துவரைக்கும் காத்திருக்கணும். கோர்ட்டுக்குப் பயந்து வராதவன் சாமிக்குப் பயந்து வந்தே தீருவான். சம்பந்தியம்மா விடாது.

"வர்றான்டி" என்றேன். "நம்ம ஊருக்கு வர்றான்!"

4

எப்போது வருகிறான் என்பது தெரியவேண்டுமே. அதைக் கண்டுபிடித்தது நீதான் வள்ளி, எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும். நீ பூ கொடுக்கப் போகிற சித்தூர்த் தெருவில்தான் சம்பந்தி வீடு. ஒரு நாள் போனில் சொன்னாயே.

"அக்கா, அந்தம்மா வூட்ல வெஸ்டன் டாய்லெட்டு போட்டுகினு கீறாங்க."

"முட்டி வலியா இருக்கும்டி."

"போக்கா! நேத்துகூட பாத்தேன், ரெண்டு கொடம் தண்ணி தூக்கிகினு படி ஏறுது. முட்டி வலியாம்! சொவுத்துக்கு வேற வெள்ளையடிக்குது."

மகன் உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாத அம்மா யாருக்கு நாற்காலி மாதிரிக் கக்கூஸ் கட்டுகிறது? அடுத்த வாரமே உன் தம்பி வேனை மலைக்குப் பேசினார்கள். எந்த நாள், எத்தனை மணி, எல்லாம் நம் கைக்கு வந்துவிட்டது. வக்கீலம்மா கோர்ட்டில் சொல்லி, நோட்டீசை நேரிலேயே கொடுக்கக் கோர்ட்டு ஆள் ஒருவரை அனுப்ப உத்தரவு வாங்கினாள். வக்கீலம்மா மேலேயும் எனக்கு அதுவரைக்கும் முழு நம்பிக்கை கிடையாது, எதிராளி பணம் கொடுத்திருப்பானோ என்று. அன்றைக்குத்தான் விட்டேன்.

இனிமேல் நான் சொல்வது கனகாவும் வக்கீலம்மாவும் மாறி மாறிப் போனில் சொன்னது. எனக்குக் கூடவே இருந்து பார்த்த மாதிரி இருக்கிறது.

மலைமேல் மொட்டை போடுகிற மண்டபத்தில் கூட்டம். வரிசையாக உட்கார்ந்து தலையை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர், முடி, குழந்தைகள் அழுகை. மொட்டைக்கு உட்கார்ந்த உடனே போய்க் கொடுத்தால் எழுந்து ஓடிவிடுவான் என்று, நான் முன்னாலேயே கனகாவுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். "பாதி தல போறவரைக்கும் பொறு. பாதி மொட்டையோட எவனும் ரோட்ல ஓடமாட்டான்." அப்படியே பொறுத்தார்கள். பிள்ளைக்கு முன்னால் அப்பன் போட்டுக்கொள்ள உட்கார்ந்தான். நெற்றியிலிருந்து உச்சிவரைக்கும் வழித்தாயிற்று. கோர்ட்டு ஆள் போய் முன்னால் நின்றார்.

"தனசேகர் காரா?"

அவன் நிமிரவே இல்லை. "நேனு காதண்டி. மீரெவரோ நாக்கு தெலீது" என்றான். நான் அவன் இல்லை, நீங்கள் யாரென்றே தெரியாது என்கிறான் பாவி.

இங்கேதான் நான் நினைக்காத ஒரு சிக்கல். கோர்ட்டு ஆள் கையில் இருந்தது கல்யாணப் போட்டோ. அதில் சுருட்டை முடி, கருகருவென்று மீசை, ஒல்லி உடம்பு. எதிரே பாதி மொட்டை, மீசை இல்லை, தொப்பை. அவர் போட்டோவைப் பார்க்கிறார், ஆளைப் பார்க்கிறார். ஆள் மாற்றிக் கொடுத்தால் அவர் வேலை போய்விடுமாம். கனகாவைத் திரும்பிப் பார்த்தார்.

"பேரு பெட்டி பிலுவம்மா" என்றார். பேர் சொல்லிக் கூப்பிடம்மா.

கனகாவுக்கு வாய் வரவில்லை. "இவருதான்... யாமினி அப்பா..." என்கிறாள். அந்த மண்டபத்தில் எத்தனை யாமினி அப்பாக்களோ! அவர் தலையை ஆட்டுகிறார். சவரக்காரர் கத்தியை ஓங்கிக்கொண்டு காத்திருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் மீதித் தலையும் முடிந்து, எழுந்து கூட்டத்தில் போய்விடுவான். அத்தனை பேரும் மொட்டை, அதற்கப்புறம் யாரைத் தேடுவது?

கனகா கண்ணை மூடிக்கொண்டாளாம். "டேய் தனசேகரு!" என்று ஒரு கத்தல் கத்தினாளாம் பார்.

அவன் திரும்பவில்லை. கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தான். கெட்டிக்காரன்! ஆனால் பின்னாலிருந்து பையோடு ஒரு உருவம் பாய்ந்து வந்தது. சம்பந்தியம்மா.

"யார்டி அவ? தாலி கட்டனவன பேரு சொல்லி கூப்புடறது? எம்புள்ள தனசேகரன டேய்ன்னு கூப்புட எவ்ளோ கொழுப்புடி உனக்கு!"

கோர்ட்டு ஆள் சிரித்துவிட்டார். "சாலம்மா, சாலு" என்றார். போதும் அம்மா போதும். மகன் பேரும் வந்துவிட்டது, தாலி கட்டினதும் வந்துவிட்டது, பெற்ற தாயே சாட்சி. அவன் எழுந்திருக்கப் பார்த்தான். சவரக்காரர் தோளைப் பிடித்து அமுக்கினாராம். "மத்யலோ லேவகூடதண்டி!" சாமிக்கு நேர்ந்த முடி, பாதியில் எழுந்தால் ஆகாது. ஈரக் கையாலேயே வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

நம் பக்கம் தலையில் இரண்டு சுழி இருந்தால் இரண்டு கல்யாணம் என்று பார்ப்பார்கள் இல்லையா? முழுசாக வழித்ததும் கனகா பார்த்தாளாம், அழகாக இரண்டு சுழி. பெண் பார்க்க வந்த அன்று எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தான். மாப்பிள்ளையை மொட்டை போட்டுப் பார்த்துத்தான் பெண் கொடுக்கணும் வள்ளி.

நான் இங்கே சமையலறையில் தனியாக நின்று கைதட்டினேன். ஆனால் கனகா சந்தோஷமாகப் பேசவில்லை. அந்தப் புதுப்பெண், தெலுங்குப் பெண்ணாம், பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, "எவரண்டி ஆவிட?" என்று கேட்டுக்கொண்டே இருந்ததாம். யார் இந்த அம்மா என்று. புருஷனும் சொல்லவில்லை, மாமியாரும் சொல்லவில்லை.

"அதுக்கு ஒண்ணுமே தெரியாதுமா" என்றாள் கனகா. "சின்னது மொட்ட போடறவரைக்கும் ஓரமா நின்னுட்டு வந்துட்டேன். ஜடைய கையில புட்ச்சிகினு வுடமாட்டேன்னு அழுதுச்சு."

5

கோர்ட்டுக்கு வந்தான். வராமல் எப்படி? வழவழவென்று மொட்டை, சந்தனம், கும்பிட்ட கை. ஜட்ஜு மாதாமாதம் இவ்வளவு கொடு என்று சொல்லிவிட்டார். அங்கே விலாசம் என்ன, வேலை எங்கே என்று கேட்டார். இங்கிலீஷில் கடகடவென்று எழுதிக்கொடுத்தான். விமானம் ஏறினான்.

ஒரு மாசம் போயிற்று, அடுத்த மாசமும் போயிற்று. ஒன்றும் வரவில்லை. வக்கீலம்மா அவன் எழுதின விலாசத்துக்கு எழுதினாள். அங்கே அப்படி ஒரு ஆளே கிடையாது என்று திரும்பிவந்தது. சரியான வீடும் ஆபீசும் தெரிந்தால் அந்த நாட்டிலேயே கேட்க வழி இருக்கிறது, தெரியாவிட்டால் அடுத்த மொட்டைக்குத்தான் காத்திருக்கணும் என்றாள். யாமினி பன்னிரண்டாவது முடிக்கப்போகிறது. நர்சிங்கில் சேரணும் என்று துடிக்கிறது. அது இந்த வருஷம் நடக்குமா என்பதுதான் இப்போது எனக்கு இருக்கிற ஒரே கேள்வி. அப்படிக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் காதில் "மெயின்டனன்ஸ்" என்று ஒருவன் வந்து கத்தினால், காபி கொடுக்காமல் என்ன செய்வாள்?

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் சுதா இதைச் சொன்னதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சின்னவன் பெருவிரலைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் சுற்றினான். நானும்தான் சிரித்தேன், சிரிக்கிற விஷயம்தானே. பிரபு மட்டும் சிரிக்கவில்லை. தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டான்.

மறுநாள் காலையில் நான் சமையலறையில் இருந்தேன். வந்து என் பக்கத்தில் நின்றான். குழாயைத் திறந்தான், மூடினான்.

"அக்காவுக்கு நீ போன் போட்டியா? வந்துட்சின்னு?"

"போட்டேன்."

"இன்னா சொல்லிச்சு?"

"யாமினிய கூப்ட்டா."

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நான் அந்த வூட்டுக்குப் போயிருக்கிறேம்மா."

"எந்த வூட்டுக்கு?"

"மாமா வூட்டுக்கு. புதுசா வாங்கினப்போ, கிரகப்பிரவேசத்துக்கு. ஆபீசு வேலைன்னு சொல்லிட்டுப் போனேன். துன்னுட்டு வந்தேன்."

இந்த இடத்தில் சுதா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். அவளுக்கு இது இப்போதுதான் தெரிகிறது. எழுதுடி, அப்புறம் சண்டை போடலாம், நானும் வருகிறேன்.

நான் அவனைத் திட்டவில்லை வள்ளி. திட்டணும் என்று இத்தனை மாசம் சேர்த்துவைத்திருந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "ஒங்கக்காவுக்குத் தெரியுமாடா?" என்றுகூடக் கேட்கவில்லை. வக்கீலம்மா நம்பரைத்தான் சொன்னேன். அது எனக்கு மனப்பாடம். போனை எடுத்துத் தட்டினான். வீடு, ஆபீசு, எல்லாம் அனுப்பிவிட்டேன் என்றான்.

தெரியாது என்று இத்தனை நாள் சொன்னவன், அனுப்பினேன் என்று சொன்னால் நம்பிவிடுவேனா? அவன் ஆபீசுக்குப் போனதும் வக்கீலம்மாவுக்கே போன் போட்டேன். "ஒச்சிந்தம்மா, ஒச்சிந்தி" என்றாள். வந்துவிட்டதாம். வரைபடத்தில் போட்டுப் பார்த்தாளாம், அந்தத் தெருவும் இருக்கிறதாம், அந்த ஆபீசும் இருக்கிறதாம். நாளைக்கே வேலையை ஆரம்பிக்கிறேன், யாமினியை நர்சிங் காலேஜுப் பாரம் வாங்கி வைக்கச் சொல்லுங்கள் என்றாள். நான் இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

பிரபு போகும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே ஒன்று கேட்டுக்கொண்டான்.

"எம்மா, நான்தான் குடுத்தேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாத. மாமா காதுக்குப் போயிடும். கனகாக்காவுக்குகூட வேணாம்."

சொல்லமாட்டேன் என்று அவன் தலைமேல் கைவைத்துச் சொன்னேன். நான் யாரிடமும் சொல்லவில்லை, சுதாதான் எழுதுகிறாள். நீயும் யார்கிட்டேயும் சொல்லாதே வள்ளி, மதில் பக்கம் போய்க் கத்தாதே. அடடா, களிக்கு வைத்த உலை பொங்குகிறது, மாவைக் கொட்டவேண்டும், இல்லாவிட்டால் கட்டி விழுந்துவிடும். சுதா, அதை அப்படியே வைத்துவிட்டு அந்தக் களிக்கட்டையை எடுத்துக்கொண்டு வா...